தாவரவியல் பட்டம் படிக்கச் செலவு குறைந்த கல்லூரி: தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று மாலையிலிருந்து என் போன் ஓயாது. அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், பாட்டனிதான் எடுப்பேன்னு சொல்றா. எந்தக் காலேஜ்ல போடலாம்? ஃபீஸ் நம்ம கைக்கு அடங்கணும்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. தாவரவியல் சேர நினைப்பவர்களுக்கு இது உதவும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். தாவரவியலைப் பொறுத்தவரை, பணம் குறைவாக வாங்கும் கல்லூரிதான் பல ஊர்களில் நல்ல கல்லூரியாகவும் இருக்கிறது. இது பழைய பாடம். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் பழைய கல்லூரிகளிலும் ஐம்பது, நூறு வருஷமாகத் துறை நடக்கிறது. வளர்ந்த மரங்களோடு ஒரு தோட்டம், பல தலைமுறை மாணவர்கள் சேர்த்த ஹெர்பேரியம் என்ற உலர்செடித் தொகுப்பு, தேக்குப் பெட்டிகளில் அடுக்கிய ஸ்லைடுகள் எல்லாம் இருக்கும். இவற்றை ஒரே வருஷத்தில் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. புதிதாக வந்த சுயநிதிக் கல்லூரிகள் கணினி, வணிகவியல் பக்கமே அதிகம் போய்விட்டன. ஆகவே கையில் காசு குறைவு என்று மனம் சுருங்க வேண்டாம். தேடுகிற விதம் தெரிந்தால் போதும்.

முதல் படி: எந்தப் பட்டம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

வேளாண்மை கிடைக்காததால் தாவரவியல் என்று வருபவர்கள் நிறைய. அதில் தவறில்லை. ஆனால் இரண்டும் வேறு. பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருஷத் தொழிற்படிப்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு தனியாக நடக்கும். தாவரவியல் மூன்று வருஷ அறிவியல் பட்டம். பாசி, பூஞ்சை, பிரையோபைட்டில் தொடங்கி, செடிகளை இனம்பிரித்து அறியும் வகைப்பாட்டியல், உள்ளமைப்பியல், செயலியல், மரபியல், சூழலியல் வரை போகும். துணைப்பாடமாகப் பெரும்பாலும் விலங்கியலும் வேதியியலும் வரும். வேதியியல் துணைப்பாடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே உயிர்வேதியியல், மருந்து ஆய்வு மாதிரித் திசைகளில் போக நினைத்தால் அது கைகொடுக்கும்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சில கல்லூரிகளில் "தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்தொழில்நுட்பம்" என்று நீளமான பெயர் இருக்கும். பாடம் ஏறக்குறைய இதேதான். ஆனால் பின்னாளில் ஆசிரியர் வேலைக்குப் போகும்போது, "இது தாவரவியலுக்கு இணையா?" என்ற கேள்வி வரலாம். அதற்கான இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று துறைத் தலைவரிடமே கேட்டு, அரசாணை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் வெறும் தாவரவியல் என்றே இருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

இரண்டாம் படி: கல்லூரிகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி.

அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் மாதிரிச் சிறு தொகைகள்தான். வருஷத்துக்குச் சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். தாவரவியல் உள்ள அரசுக் கல்லூரிகள் மாநிலம் முழுக்கப் பரவி இருக்கின்றன. சென்னையில் மாநிலக் கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும், திருச்சியில் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியும் உண்டு. கும்பகோணம், கோவை, உதகை அரசு கலைக் கல்லூரிகளிலும் இந்தத் துறை இருக்கிறது. ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர்தான் ஜானகி அம்மாள். கரும்பு ஆராய்ச்சியிலும் தாவரங்களின் குரோமோசோம் ஆய்விலும் உலகம் அறிந்த பெயர். தாவரவியல் படித்து என்ன ஆகப்போகிறாள் என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. அதனால் கட்டணம் கட்டுப்பாட்டில் இருக்கும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம் பெரும்பாலும் புதர்க்காடு. வகுப்பறையை விட்டு வெளியே வந்தாலே களப்பயணம்தான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அங்கே நடந்த வேலை மிகப் பெரியது. பாளையங்கோட்டை தூய சவேரியார், மதுரை தியாகராசர், மதுரை அமெரிக்கன், நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே கல்லூரிக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஷிஃப்ட் ஒன்று, ஷிஃப்ட் இரண்டு என்றும் சொல்வார்கள். கட்டடம், பெயர், வாசல் எல்லாம் ஒன்றுதான், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். தாவரவியல் பழைய துறை என்பதால் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில்தான் இருக்கும். இருந்தாலும், "இந்த சீட்டு எய்டட்டா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேட்டு, ரசீதில் எழுதியிருப்பதையும் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

மூன்றாவது பத்தியில் உள்ள சுயநிதிக் கல்லூரிகளை, பக்கத்தில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் பாருங்கள். கற்பிக்க நல்ல ஆசிரியர் இருக்கும் இடமும் அங்கே உண்டு. ஆனால் சேர்க்கை குறைந்தால் முதலில் நிறுத்தப்படும் பாடங்களில் தாவரவியலும் ஒன்று. கடந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கட்டணம் குறைந்த கல்லூரியில் செலவும் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஒரு கணக்குப் பார்ப்போம். தொலைவில் உள்ள அரசுக் கல்லூரியில் கட்டணம் வருஷம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அறை எடுத்துத் தங்க, சாப்பாடு உட்பட மாதம் 5,000 ஆகிறது. வருஷத்துக்குப் பத்து மாதம், மூன்று வருஷம் என்றால் தங்கும் செலவு மட்டும் 1,50,000. கட்டணம் 6,000. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உதவி பெறும் கல்லூரி ஒன்று இருந்து, அங்கே வருஷம் 12,000 கேட்டால் மூன்று வருஷத்துக்கு 36,000தான். கட்டணம் ஆறு மடங்கு, ஆனால் மொத்தச் செலவு நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்தக் கணக்கில் இவற்றையும் சேருங்கள்: தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டுகள், ஆய்வக உடுப்பு, களப்பயணம். களப்பயணச் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது கொடைக்கானல், உதகை, ஏற்காடு என்று ஒரு மலைக்கும் ஒரு கடற்கரைக்கும் கூட்டிப்போவார்கள். வகைப்பாட்டியலுக்கு அது அவசியம். எவ்வளவு ஆகும் என்று இப்போதே கேட்டுவைத்துக்கொண்டால், அப்போது பிள்ளை "நான் வரலை" என்று பின்வாங்க வேண்டியிருக்காது. என்னிடம் படித்த ஒரு பெண் 1,800 ரூபாய்க்காக அந்தப் பயணத்தை விட்டுவிட்டாள். எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சொல்லியிருந்தால் நாங்கள் நாலு ஆசிரியர்கள் சேர்ந்தே கட்டியிருப்போம்.

நான்காம் படி: கிடைக்கக்கூடிய உதவிகள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் வருகிறார்கள். பஸ், நோட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் இந்த ஆயிரத்தில் பெரும்பாலும் அடங்கும். கல்லூரியில் இதைக் கவனிக்க ஓர் ஆசிரியரை நியமித்திருப்பார்கள். சேர்ந்த முதல் வாரமே அவரைப் பாருங்கள். ஆதார் இணைக்காத வங்கிக் கணக்குதான் பணம் தாமதமாவதற்கு முக்கியக் காரணம்.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் தனி உதவித்தொகை இருக்கிறது. வருமானச் சான்றிதழை ஜூன் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்போது இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.

தங்க வேண்டிய கட்டாயம் வந்தால், அறை தேடும் முன் அரசு விடுதியைப் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025 முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். கல்லூரியில் இடம் கிடைத்ததும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக் காப்பாளரை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. மேலே போட்ட கணக்கில் அந்த 1,50,000 அப்படியே இல்லாமல் போய்விடும் பாருங்கள்.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டையும் உண்டு.

ஐந்தாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். இணையதளத்தில் எல்லாக் கல்லூரியும் பச்சையாகத்தான் இருக்கும். கல்லூரிகளை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக் தரும் தரச்சான்று ஏ, ஏ பிளஸ் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது கல்லூரி முழுமைக்கும் தருவது. தாவரவியல் துறை எப்படி என்று அது சொல்லாது. ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணி வாக்கில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அலுவலகத்தில், "சேர்க்கைக்கு முன்னால் துறையைப் பார்க்க வந்தோம்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

முதலில் தோட்டம். அலங்காரத்துக்கு வைத்த குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். செடிகளுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறதா, அதில் தாவரக் குடும்பத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பனை மாதிரித் தெரியும், பூக்காத சைகஸ் ஒன்றாவது நிற்கிறதா? நிழலில் பெரணி வளர்கிறதா? தொட்டியில் ஆகாயத்தாமரையோ வேலம்பாசியோ கிடக்கிறதா? பாடத்தில் வரும் செடியைத் தேடி ஊரைச் சுற்றாமல் பத்தடியில் பறித்து வர முடிகிற துறையில் படிப்பே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் ஆய்வகம். மைக்ராஸ்கோப் எத்தனை என்று எண்ணுங்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஐந்தாறு பேருக்கு ஒன்று என்றால், கண்ணை வைத்துப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். முடிந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செய்முறை வகுப்பை வாசலில் நின்று கவனியுங்கள். அரளி இலையை பிளேடால் குறுக்கே சீவி, சீவியதை வாட்ச் கிளாஸ் தண்ணீரில் போட்டு, அதில் மெல்லியதை பிரஷ் நுனியால் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் நனைத்து, கிளிசரின் சொட்டு வைத்து மூடிப் பார்ப்பார்கள். இலையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள்ளே ரோமம், அந்த ரோமங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் இலைத்துளைகள். வெயிலில் தண்ணீரை விடாமல் காப்பதற்கு அரளி செய்துகொண்ட ஏற்பாடு அது. மாணவர் தன் கையால் சீவிய துண்டில் இதைப் பார்க்கிறாரா, அல்லது ஆசிரியர் வைத்த ஒரே ஸ்லைடை எல்லோரும் வரிசையில் எட்டிப் பார்க்கிறார்களா என்பதைப் பாருங்கள். ஒரு துறையை எடை போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு கல்லூரியில் மைக்ராஸ்கோப்புகள் உறை பிரிக்காமலே அலமாரியில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரையும் நான் சேர்க்கச் சொன்னதில்லை.

ஹெர்பேரியத்தைக் காட்டச் சொல்லுங்கள். உலர்த்திய செடியைத் தடித்த தாளில் ஒட்டியோ தைத்தோ வைத்து, வலது கீழ் மூலையில் பெயர், குடும்பம், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதியிருப்பார்கள். நான் படித்த கல்லூரியில் பாச்சை உருண்டை வாசத்தோடு ஒரு செங்காந்தள் தாள் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு மாணவர் கண்மாய்க் கரையில் எடுத்தது. பூவின் சிவப்பு பழுப்பாகிவிட்டது, ஆனால் இலை நுனியின் சுருள் அப்படியே இருந்தது. அந்தக் கண்மாய் இருந்த இடத்தில் இப்போது பஸ் நிலையம் நிற்கிறது. அங்கே அந்தச் செடி இருந்ததற்குச் சாட்சி அந்தத் தாள் மட்டும்தான். இப்படி ஓர் அலமாரி இருந்து, அதைப் பிள்ளைகளுக்குத் திறந்தும் விடுகிற துறை கிடைத்தால் விடாதீர்கள். மதராஸ் மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் எழுதிய நூல் தொகுதிகள் துறை நூலகத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆசிரியர்களைப் பற்றியும் கேளுங்கள். நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர்களில் மிக அருமையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள், பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஆனால் துறையே அவர்களை மட்டும் நம்பி ஓடினால், பாடம் நடுவில் தடைபடும் ஆபத்து உண்டு. வகைப்பாட்டியலை யார் எடுக்கிறார், அவர் மாணவர்களோடு வெளியே போகிறாரா என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை ஓரமாக நிறுத்தி விசாரியுங்கள். அவருடைய ரெக்கார்டு நோட்டையும் புரட்டிப் பாருங்கள். மாணவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஊரில் வேறென்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கோவையில் படித்தால் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல ஹெர்பேரியம், வன மரபியல் நிறுவனம், கேஸ் வன அருங்காட்சியகம் எல்லாம் டவுன் பஸ் தூரம். உதகையில் 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. சென்னையில் கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் செய்யும்போது இதன் அருமை தெரியும்.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் இரண்டும் உண்டு. தமிழ்வழி என்றதும் பெற்றோர் தயங்குகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-இல் சட்டமானது, 2020-இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால்தான் பட்டத் தகுதி வேலைகளுக்கு அது பொருந்தும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் வந்த பிள்ளை, கல்லூரியில் மட்டும் மாற்றிக்கொண்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அரசு வேலைதான் குறி என்றால் தமிழ்வழியைத் தொடரலாம். ஆராய்ச்சி, வெளிமாநில முதுகலை என்று கனவு இருந்தால் ஆங்கிலவழி சுலபம். எப்படியும் செடிகளின் பெயர் லத்தீனில்தான் வரப்போகிறது.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பி.எட். சேர்த்தால் பள்ளி ஆசிரியர் ஆகலாம். முதுகலை ஆசிரியர் வேலைக்கு எம்.எஸ்சி.யும் அதே பாடத்தில் இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி வனத்துறைத் தேர்வுகளுக்கும் இந்திய வனப்பணித் தேர்வுக்கும் தாவரவியல் பட்டம் செல்லும்.

ஆறாம் படி: விண்ணப்பம்

அரசுக் கல்லூரிகளுக்கு, அரசின் சேர்க்கைத் தளமான டிஎன்ஜிஏஎஸ்ஏ (TNGASA) இணையதளத்தில் ஒரே விண்ணப்பம், அதிலேயே பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, ஆக 50 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். வீட்டில் இணையம் இல்லை என்றால் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் நடக்கும். பிரவுசிங் சென்டரில் அவசரமாக அடிக்கக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தரவரிசை, மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்து வரும். தாவரவியலுக்குப் போட்டி வணிகவியல் அளவுக்கு இருக்காது. மதிப்பெண் நடுத்தரமாக இருந்தாலும் விருப்பப் பட்டியலில் நல்ல கல்லூரியை முதலில் போடுங்கள். முதல் சுற்றில் வராவிட்டால் கல்லூரி அறிவிப்புப் பலகையை விடாமல் பாருங்கள். காலியிடத்துக்கு மறுபடி அழைப்பார்கள்.

உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே சேர்க்கை முந்திவிடும். அரசுக் கலந்தாய்வுக்கு முன்பே பணம் கட்டச் சொல்லும்போது பெற்றோர் தவித்துப்போகிறார்கள். இரண்டை நினைவில் வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் போக மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நாள் ஆக ஆக அந்தத் தொகை குறையும். அதனால் விலகுவதென்றால் எழுத்தில், தேதியோடு, நகல் வைத்துக்கொண்டு விலகுங்கள்.

கலந்தாய்வுக்கு மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், எல்லாவற்றிலும் நாலைந்து நகல்.

சேர்ந்த பிறகு

கல்லூரி திறக்கும் வரை பிள்ளை சும்மா இருக்க வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான். வீட்டைச் சுற்றி இருக்கும் குப்பைமேனி, கீழாநெல்லி, எருக்கு, ஆவாரை என்று பத்துச் செடிகளை, பூவும் காயும் உள்ள கிளையாகப் பறிக்கச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே இலை மடங்காமல் விரித்து, மேலே கனமான புத்தகமோ அம்மிக்கல்லோ வைக்க வேண்டும். தாளைத் தினமும் மாற்றணும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். எருக்குக்கு மட்டும் கூடுதல் நாள் பிடிக்கும், பால் உள்ள செடி. எடுத்த இடத்தையும் தேதியையும் அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செடியோடு வைத்துவிடட்டும்.